எங்கள் சர்வீஸ் எங்கே போச்சு?

கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்காக்காரன் இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கிவிட்டான், ஆர்டர் நின்றுபோச்சு, நான் என்ன பண்ண என்றார் முதலாளி. வரி ஏறியது நிஜம்தான். திருப்பூர் பனியன் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அந்த வரி வருவதற்கு முன்னாலேயே எங்களை வெளியே தள்ள ஆரம்பித்துவிட்டீர்களே! ஐம்பது தாண்டிய பெண்களைத் தைக்கிற பவர் டேபிளிலிருந்து எழுப்பிச் செக்கிங்குக்கு அனுப்பினீர்கள். அங்கிருந்து பிசிர் வெட்ட. அப்புறம், "வேலை வந்தா போன் பண்றோம்."

கணக்குக் கேட்டேன். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி பணிக்கொடை என்று 1972லேயே சட்டம் வந்தாச்சு. ஆபீஸில் என் மகன் வயசுப் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு சர்வீஸ் மூணு வருசந்தானுங்க" என்றான். வயிறு பற்றி எரிந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் ஏறிய அதே மாடிப்படி, அதே சூப்பர்வைசர், அதே ஓவர்லாக் மெஷின். வாசல் போர்டில்தான் பேர் மாறிக்கொண்டே இருந்தது. அப்பா பேரில் ஒன்று, மகன் பேரில் ஒன்று, மருமகள் பேரில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதெல்லாம் ராஜினாமாவாம்!

பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. பட்டினி கிடந்து உரிமை கேட்டவர்களின் பிள்ளைகளை வெள்ளைத் தாளில் ஏமாற்றிவிட்டார்களே!

வேறு இடம் தேடிப் போனால், கறுப்புத் துணியும் கறுப்பு நூலும் கொடுத்து சேம்பிள் தைக்கச் சொல்கிறார்கள். விடிய விடிய ஷிப்ட் பார்த்த கண்ணுக்குத் தையல் தெரியவில்லை. ஊசி ஏறி நகம் செத்த ஆள்காட்டி விரல் துணியைத் தள்ள மாட்டேன் என்கிறது. "வயசாயிருச்சுங்க அக்கா, முடியாதுங்க." யாருடைய ஷிப்மென்ட் தேதி தப்பக்கூடாது என்று இந்தக் கண் போனது?

பி.எஃப். பென்ஷன் முழுசாக வர 58 வயசாக வேண்டும். 2014இல் குறைந்தபட்சமாக வைத்த தொகை மாசம் ஆயிரம் ரூபாய். லைன் வீட்டு வாடகைக்குக்கூட அது காணாது.

தொழிலாளர் துறை அதிகாரிகளே, வாசல் போர்டைப் பார்க்காதீர்கள். எங்கள் ஈ.எஸ்.ஐ. நம்பரை எடுத்துப் பாருங்கள். கம்பெனி பேர் எத்தனை மாறினாலும் அந்த நம்பர் மாறாது. ஒரே முகவரியில் எத்தனை கம்பெனி திறந்து மூடினார்கள் என்று விசாரியுங்கள். மெஷின்களை லாரியில் ஏற்றுவதற்கு முன்னால், எங்கள் பணிக்கொடையை வாங்கிக் கொடுங்கள்.