உள்ளங்கை கேட்கவில்லை

போன ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் படிக்கும் அவர் மகன், புதிதாக வாங்கிய வி.ஆர். கண்ணாடியை என் தலையில் மாட்டிவிட்டான். கூடம் மறைந்தது. வானளாவிய கட்டடம் ஒன்றின் உச்சியில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒற்றைப் பலகையின் நுனியைப் பார்த்தபடி நின்றேன். "நடங்க சித்தப்பா, கீழ டைல்ஸ் தரைதான்" என்றான். தெரியும். பத்து நிமிடத்துக்கு முன்னால் அந்தத் தரையில் உட்கார்ந்துதான் இட்லி சாப்பிட்டேன். ஆனாலும் உள்ளங்கால் கூசியது, உள்ளங்கை நசநசத்தது. நாலடி வைத்ததும் "போதும்டா" என்று கழற்றிக் கொடுத்துவிட்டேன். கைக்கடிகாரம் இதயத் துடிப்பு 112 என்றது.

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் இதையே ஆய்வாகச் செய்தார்கள். மைக்கேல் மீஹனும் சகாக்களும் 2002-இல் அதை வெளியிட்டார்கள். 1999-இல் டூரிங் விருது பெற்ற ஃபிரெட் புரூக்ஸும் அந்தக் குழுவில் ஒருவர். கண்ணாடி போட்டவர் ஒரு சாதாரண அறையில் கொஞ்சம் பழகுவார். பிறகு பக்கத்து அறைக்குப் போவார். அங்கே சுவரோரம் மட்டும்தான் தரை. நடுவில் பள்ளம், சுமார் ஆறு மீட்டர் கீழே நாற்காலி மேசையோடு ஒரு வரவேற்பறை.

அதற்கு முன்பெல்லாம், "உண்மையிலேயே அங்கே இருப்பதுபோல் இருந்ததா?" என்று கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வதுதான் பெரும்பாலும் வழக்கம். வாய்க்கு உபசாரம் தெரியும், வீராப்பும் தெரியும். அதனால் இவர்கள் உடம்பிடம் கேட்டார்கள். நெஞ்சில் மின்முனைகள், விரல்களில் உணரிகள். பயத்தில் உள்ளங்கை வேர்த்தால் தோல் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். உறைக்காத அளவு மின்சாரம் செலுத்தி அதை அளக்கலாம். ரத்தக் குழாய்கள் சுருங்கி விரல் நுனி குளிர்வதையும் அளந்தார்கள், ஆனால் அதற்கு நேரமெடுக்கிறது. கடைசியில் இதயத் துடிப்புதான் நம்பகமான சாட்சி. அதுவும் மொத்தத் துடிப்பு அல்ல, சாதாரண அறைக்கும் பள்ள அறைக்கும் உள்ள வித்தியாசம். நடந்தாலே துடிப்பு ஏறுமே!

(வியர்த்தலையும் நடுக்கத்தையும் தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில் கணக்கெடுத்து வைத்திருக்கிறார். அவரிடம் மின்முனை இல்லை, அவ்வளவுதான்.)

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மரப்பலகை. சில முறை மட்டும், பள்ளத்தின் விளிம்பு தெரியும் இடத்தில், ஒன்றரை அங்குல உயரப் பலகையை நிஜமாகவே தரையில் போட்டார்கள். கால்விரலை நீட்டினால் விளிம்பு தட்டுப்படும்; அதற்கப்பால் ஒன்றும் இருக்காது. கண் பார்ப்பது ஆறு மீட்டர், கால் உணர்வது நாலு சென்டிமீட்டர்கூட இல்லை. அப்போதுதான் துடிப்பு கூடுதலாக எகிறியது. பொய்யைக் காட்டக் கணினிக்கு எத்தனையோ பாடு. அதை நம்பவைக்க ஒரு துண்டு மரம்! நொடிக்கு 15 படம் காட்டியதைவிட 30 படம் காட்டியபோதும் துடிப்பு ஏறியது. அது எதிர்பார்க்கக்கூடியதுதான், பலகைதான் என்னை அசத்தியது.

ஆனால் ஒரு சங்கடம். பயத்துக்கும் துடிக்கும், காதலிக்கும் பெண் எதிரே வந்தாலும் துடிக்கும். பள்ளம் இருப்பது நமக்குத் தெரிவதால்தான் அந்த ஏற்றத்தைப் பயம் என்கிறோம். துடிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மனசைப் படித்துவிட்டதாக யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

பழகினால் சரியாகிவிடாதா? அதையும் பார்த்திருக்கிறார்கள். பலமுறை போனவர்களுக்குத் துடிப்பின் ஏற்றம் குறைந்ததே தவிர, அடியோடு நின்றுவிடவில்லை.

இதைச் சொன்னதும் அண்ணன் மகன் சிரித்தான். "எனக்கெல்லாம் ஒண்ணுமே ஆகாது சித்தப்பா. இருபது தடவை நடந்திருப்பேன்." என் கடிகாரத்தை அவன் மணிக்கட்டில் கட்டினேன். சோபாவில் சாய்ந்திருந்தபோது 74. எழுந்து நின்றபோது 80. பலகையின் நுனியில் 97.

"இப்பதானே காபி குடிச்சேன், அதான்" என்றான்.