நோய்க்காலத்துக்கு ஒரு லிவிங் ட்ரஸ்ட்

இந்தப் பகுதியில் நீரிழிவு, கொலஸ்ட்ரோல், உப்பு, நடைப்பயிற்சி என்று எழுதுவதே வழக்கம். இம்முறை லிவிங் ட்ரஸ்ட் பற்றி ஒரு வைத்தியர் ஏன் எழுதுகிறார் என்று சிலர் கேட்கக்கூடும். ட்ரஸ்ட் எழுதுவது சட்டத்தரணியின் வேலைதான். ஆனால் அது தேவைப்படும் நாளில் குடும்பம் முதலில் வந்து நிற்பது வைத்தியரின் வாசலில். ஆகவே எனக்கும் இதில் ஒரு அபிப்பிராயம் உண்டு. நான் சொல்வது கலிபோர்னியாவுக்குரியது. வேறு மாநிலத்தில் உள்ளவர்கள் அங்குள்ள சட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ட்ரஸ்ட் என்றதும் எங்கள் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது புரோபேட் செலவு. அது நியாயமான பயம்தான். ட்ரஸ்ட் இல்லாமல் ஒருவர் இறந்து, அவருடைய வீடு நீதிமன்றத்தின் ஊடாகப் பிள்ளைகளுக்குப் போகவேண்டி வந்தால், சட்டத்தரணிக்குரிய கட்டணத்தைச் சட்டமே நிர்ணயித்திருக்கிறது: முதல் 100,000 டொலருக்கு 4 வீதம், அடுத்த 100,000க்கு 3 வீதம், அதற்கடுத்த 800,000க்கு 2 வீதம். 10 இலட்சம் டொலர் வீட்டுக்கு 23,000 டொலர் வரும். சொத்தை நிர்வகிப்பவரும் அதே அளவு கேட்கலாம். வீட்டில் எவ்வளவு கடன் இருந்தாலும் கணக்குப் பார்ப்பது முழு விலைக்குத்தான். 2025 ஏப்ரல் 1 முதல் 750,000 டொலருக்கு மேற்படாத வசிப்பிட வீட்டுக்குச் சுருக்கமான வழி ஒன்று வந்திருக்கிறது. சான் ஹொசே, பிரீமொன்ட் பக்கம் அந்த விலைக்கு ஒரு தனி வீடு தேடிப் பாருங்கள்!

ஆனால் என்னைக் கவலைப்படுத்துவது சாவுக்கு முன்னால் வரும் காலம். பாரிசவாதம் வந்து பேச்சு இழந்தவரும், மறதிநோய் முற்றியவரும் பல வருடங்கள் உயிரோடு இருக்கிறார்கள். எங்கள் வீடுகளில் இன்றும் வங்கிக் கணக்கு, சேமிப்பு, வீட்டு உறுதி எல்லாம் அப்பாவின் பெயரில் மட்டும் இருப்பது சாதாரணம். அவர் கையெழுத்திட முடியாத நிலைக்கு வந்தபின், நாற்பது வருடம் கூட வாழ்ந்த அம்மா போய்க் கேட்டாலும் வங்கி அந்தக் கணக்கைத் திறந்துவிடாது. பவர் ஒஃப் அட்டர்னியும் எழுதியிருக்காவிட்டால் நீதிமன்றத்திடம் கொன்சர்வேட்டர்ஷிப் கேட்கவேண்டும். அதற்கு வைத்தியர் ஒரு நீண்ட படிவம் நிரப்பவேண்டும், விசாரணையாளர் வந்து பார்ப்பார், அப்பாவுக்கென்று தனியாக ஒரு சட்டத்தரணி நியமிக்கப்படுவார், பிறகும் காலத்துக்குக் காலம் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்டவேண்டும். இவ்வளவும் நடந்து முடியும்வரை அவரைப் பராமரிக்க வருபவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

லிவிங் ட்ரஸ்ட் இந்த இடத்தில்தான் உதவுகிறது. வீட்டையும் கணக்குகளையும் ட்ரஸ்டின் பெயருக்கு மாற்றி, உயிரோடும் தெளிவோடும் இருக்கும்வரை நீங்களே அதன் ட்ரஸ்டியாக இருக்கிறீர்கள். விற்கலாம், வாங்கலாம், விரும்பியபோது மாற்றலாம், ரத்துச் செய்யலாம். வருமான வரியில் மாற்றமில்லை; உங்கள் ட்ரஸ்டுக்கே மாற்றுவதால் வீட்டு வரியும் கூடாது. உங்களால் இயலாமல் போனால் நீங்கள் பெயர் குறித்த அடுத்த ட்ரஸ்டி நீதிமன்றம் போகாமல் பொறுப்பெடுக்கிறார்.

“இயலாமல் போனால்” என்பதை யார் தீர்மானிப்பது? அநேகமான ட்ரஸ்டுகளில் வைத்தியரின் கடிதம் வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்தப் பந்தியை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். இரண்டு வைத்தியர்கள், அதில் ஒருவர் நரம்பியல் நிபுணர் என்று இருந்தால், அந்த நிபுணரைச் சந்திக்க மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். குடும்ப வைத்தியர் ஒருவரின் கடிதம் போதும் என்று எழுதுவதே பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. அத்துடன், 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்தின்படி, உங்கள் மகனோ மகளோ கேட்டார்கள் என்பதற்காக உங்கள் நோய் விபரத்தை நான் எழுதிக் கொடுக்க முடியாது. அதற்கான அனுமதிப் பத்திரத்தில் இப்போதே கையெழுத்திட்டு ட்ரஸ்டுடன் வைத்திருங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் முழு ட்ரஸ்டும் அலுமாரியில் கிடக்கும் குடும்பங்கள் உண்டு.

மறதிநோய் என்று பெயர் வந்துவிட்டதாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்கவேண்டாம். ஆரம்ப நிலையில் உள்ள பலர், தங்களிடம் என்ன இருக்கிறது, யாருக்கு எதைக் கொடுக்கிறோம், அதனால் என்ன விளையும் என்பதைத் தெளிவாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்ல முடிந்தால் கையெழுத்திடவும் முடியும். சட்டத்தரணியைக் காலையில், நன்றாக நித்திரை கொண்டு எழுந்த நாளில் சந்தியுங்கள். காது கேட்கும் கருவியைப் போட்டுவிடுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் போதாது என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வீடு கிடைக்கப்போகிற பிள்ளையே மொழிபெயர்க்க நிற்பது சரியல்ல. நாளைக்கு வழக்கு வந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கலிபோர்னியாவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் பண விடயத்தில் ஏமாற்றப்படுவதாகச் சந்தேகம் வந்தால், அதை முறையிடுவது வைத்தியர்களின் சட்டபூர்வமான கடமை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அடுத்த ட்ரஸ்டி மூத்த மகன்தான் என்று யோசிக்காமலே எழுதிவிடுகிறோம். அவர் நியூ ஜெர்சியில் இருப்பார். மருந்து வாங்கி, குளிக்க வார்த்து, என்னிடம் கூட்டிவருவது இளைய மகளாக இருக்கும். ஒவ்வொரு காசோலைக்கும் அவள் அண்ணனிடம் கேட்கவேண்டும். ஊர் வழக்கத்தை மதிக்கலாம், ஆனால் வங்கிக்கு யார் போய்வருவார் என்பதையும் பார்க்கவேண்டும்.

சிகிச்சை பற்றிய முடிவை ட்ரஸ்டி எடுக்க முடியாது. அதற்கு அட்வான்ஸ் ஹெல்த் கெயார் டிரெக்டிவ் என்ற தனிப் பத்திரம் தேவை. படிவம் இலவசம், சட்டத்தரணி தேவையில்லை. இரண்டு சாட்சிகள் அல்லது ஒரு நோட்டரி போதும். உங்களுக்குச் சிகிச்சை தருபவர்கள் சாட்சியாக முடியாது. ஆகவே என்னைக் கேட்கவேண்டாம். இப்பத்திரம் இல்லாத இடத்தில், 2023 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி வாழ்க்கைத்துணை, வளர்ந்த பிள்ளைகள், பெற்றோர், சகோதரர் என்று நீளும் பட்டியலில் இருந்து வைத்தியர்கள் ஒருவரைத் தெரிவு செய்யலாம். உங்கள் மனதில் உள்ளவரைத்தான் அவர்கள் தெரிவு செய்வார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. ட்ரஸ்ட், இது, இரண்டில் ஒன்றுக்குத்தான் இந்த வருடம் நேரம் இருக்கிறது என்றால் இதை முதலில் செய்யுங்கள்.

மெடி-கால் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2026 ஜனவரி முதல் முதியோருக்கான மெடி-காலில் சொத்து வரம்பு, தனி ஒருவருக்கு 130,000 டொலர் என்று மறுபடி வந்திருக்கிறது. வசிக்கும் வீடு அதில் சேராது. ஆனால் லிவிங் ட்ரஸ்டில் போட்ட சேமிப்பு உங்கள் பணமாகவே கணக்கிடப்படும். மறுபுறத்தில், 2017 முதல் இறந்தவர்களுக்காக மெடி-கால் செலவழித்ததை அரசு திரும்பக் கேட்பது புரோபேட்டுக்குள் வரும் சொத்தில் இருந்து மட்டுமே. ட்ரஸ்டில் உள்ள வீடு அதற்குத் தப்பும்.

யாழ்ப்பாணத்துக் காணியை இந்த ட்ரஸ்டில் ஒரு வரி எழுதிச் சேர்த்துவிடலாம் என்று எண்ணவேண்டாம். அதற்கு அங்குள்ள நொத்தாரிசு எழுதும் உறுதி வேண்டும். 1995இல் காணி உறுதியை ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு சாவகச்சேரிப் பக்கம் நடந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

இலவச இரவுச் சாப்பாடு தந்து, அன்றிரவே ட்ரஸ்டுடன் சேர்த்து அனுயிட்டியும் விற்க முயலும் கூட்டங்களுக்குப் போகவேண்டாம். இத்துறையை மட்டும் செய்யும் சட்டத்தரணியிடம் போங்கள். கையெழுத்திட்டபின் வீட்டு உறுதி ட்ரஸ்டின் பெயரில் கவுண்டி அலுவலகத்தில் பதிவானதா, வங்கிக் கணக்கின் பெயர் மாறியதா என்று கேளுங்கள். மாற்றப்படாத சொத்து ட்ரஸ்டுக்குள் இல்லை. 401கே, ஐஆர்ஏ போன்ற ஓய்வூதியக் கணக்குகளை மட்டும் உங்கள் பெயரிலேயே விட்டு, அவற்றின் பயனாளி யார் என்பதைத் தனியாகச் சரிபாருங்கள்.

பிரதி ஒன்றை அடுத்த ட்ரஸ்டியிடம் கொடுங்கள். டிரெக்டிவின் பிரதி ஒன்றை உங்கள் வைத்தியரின் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். மூலப் பத்திரங்களை வங்கி லொக்கருக்குள் வைப்பதாக இருந்தால், அந்த லொக்கர் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.