ஒரு வருஷம் போனால் என்ன?

ரோட்டரி சங்கத்தில் தலைவராவதுகூட சுலபம் ஸார். ஜூலை 1-ம் தேதி கழுத்தில் காலரை மாட்டுவார்கள். அடுத்த ஜூன் 30-ம் தேதி கழற்றிவிடுவார்கள். ஒரே வருஷம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். ஆனால், 'புரோகிராம் சேர்மன்' என்று ஒரு ஜீவன் இருக்கிறதே, அதன் பாடுதான் பெரும்பாடு! வாரா வாரம் யாரையாவது பிடித்து வந்து மைக் முன்னால் நிறுத்தியாக வேண்டும். (மாதம் இரண்டு கூட்டம் போட்டாலே போதும் என்று 2016-ல் மேலிடம் விதியைத் தளர்த்திவிட்டது. ஆனாலும் சில சங்கங்கள் ரோஷமாக வாரம் தவறாமல் கூடுகின்றன.)

ஜூலையில் ஆரம்பிப்பார் சேர்மன். இதய டாக்டர், கண் டாக்டர், பல் டாக்டர், சர்க்கரை டாக்டர்... செப்டம்பருக்குள் மனித உடம்பில் பாகங்கள் தீர்ந்துபோய்விடும். பட்ஜெட் பற்றிப் பேச ஆடிட்டர் ரெடியாக இருப்பார். ஆனால் பட்ஜெட் பிப்ரவரியில்தான். நடுவில் இருப்பது பாலைவனம். அந்தப் பாலைவனத்தில் பிடிபட்டவன் நான்.

ஈரோட்டுப் பக்கம் ஓர் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர்தான் அந்த வருஷ சேர்மன். போன் செய்தார்.

"ஏனுங்க, வியாழக்கெழம சும்மாத்தான இருப்பீங்க?"

பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவனைப் பற்றி உலகத்துக்கு இருக்கும் அபிப்பிராயம் இது. என்ன தலைப்பு என்று கேட்டேன்.

"எதுனாலும் சரிங்க. இருவது நிமிஷம். வர்றதா இருந்த எலும்பு டாக்டருக்குக் கால்ல அடிபட்டிருச்சுங்க."

போனேன். ஓட்டல் மாடியில் ஏ.ஸி. ஹால். தலைவர் மணி அடித்தார். தேசிய கீதம். அப்புறம் எல்லோரும் எழுந்து நின்று நாலு கேள்விகளைக் கோரஸாகச் சொன்னார்கள். நாம் சொல்வதும் செய்வதும் உண்மையா, எல்லோருக்கும் நியாயமா, நட்பை வளர்க்குமா, எல்லோருக்கும் நல்லதா என்று போகும் அது. 1932-ல் சிகாகோவில் ஹெர்பர்ட் டெய்லர் என்பவர், திவாலாகக் கிடந்த ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்துவதற்காக எழுதியது. பி.காம். படித்தவன் என்ற முறையில் ஒரு சந்தேகம்: இந்த நாலையும் கேட்டுக்கொண்டு ஒருவர் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டால் எப்படி இருக்கும்? கேட்கவில்லை. சாப்பாடு அவர்களுடையது.

பிறந்தநாள் வாழ்த்து, கல்யாண நாள் வாழ்த்து, செக்ரட்டரி ரிப்போர்ட் எல்லாம் முடிந்து என்னை அறிமுகப்படுத்த ஒருவர் ஏழு நிமிஷம் எடுத்துக்கொண்டார். எனக்கு மிச்சம் ஒன்பது. அதில் பாதியைப் பின் வரிசைக்கு வந்த பிரியாணி வாசனை எடுத்துக்கொண்டது.

அன்றைக்கு உண்மையான பேச்சாளர் நான் இல்லை ஸார். கடைசியில் நன்றி சொல்ல ஒரு இளைஞர் வந்தார். ஹார்டுவேர் கடை, இருபத்தாறு வயதிருக்கும். முதல் தடவை மைக் பிடிக்கிறார். கையில் காகிதம் ஆடுகிறது, ஆணி விற்கிற கை! 'நன்றி' என்பதையே மூன்று தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அத்தனை பேரும் கை தட்டினார்கள், எனக்குத் தட்டியதைவிட அதிகமாக. நாலு மாதம் கழித்து மறுபடி போனபோது அதே ஆள் ரத்ததான முகாம் பற்றிக் காகிதம் இல்லாமல் பத்து நிமிஷம் பேசுகிறார். இடையில் ஒரு ஜோக் வேறு! பேச்சாளர் வருவதெல்லாம் சாக்கு. நன்றி சொல்கிறவருக்காகத்தான் கூட்டம்.

மேனேஜர் முன்னால் எச்சில் முழுங்குகிற ஆபீஸ் நண்பர்கள் கவனிக்கவும்: இதற்கு ஜவுளிக்கடை, ரைஸ் மில் எதுவும் தேவையில்லை. இளைஞர்களுக்கு ரோட்டராக்ட் என்று தனியாக இருக்கிறது. பதினெட்டு நிரம்பியிருந்தால் போதும். முப்பதோடு வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பழைய விதியும் 2020-ல் போய்விட்டது.

இந்தச் சங்கங்களைக் கேலி செய்வது சுலபம். நானே செய்திருக்கிறேன், காசும் வாங்கியிருக்கிறேன். 1905 பிப்ரவரி 23-ம் தேதி சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்க இன்ஜினீயர், ஒரு தையல்காரர் என்று நாலு பேர் கூடி ஆரம்பித்தது. ஒரு வாரம் ஒருவர் ஆபீஸ், அடுத்த வாரம் இன்னொருவர் ஆபீஸ் என்று சுழன்றதால் ரோட்டரி. அந்தச் சங்கம் முதலில் எடுத்துக்கொண்ட பொதுக் காரியம் என்ன தெரியுமா? 1907-ல் ஊர் நடுவே பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்று போராடியது! நம் பஸ் ஸ்டாண்டுகளில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அந்த நாலு பேரை நினைத்துக்கொள்வேன். போலியோ விஷயமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்து குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தவர்களில் நாம் கேலி செய்கிற இந்த ஏ.ஸி. ஹால்காரர்களும் உண்டு. இந்தியாவில் கடைசிக் கேஸ் 2011 ஜனவரியில், ஹௌராவில். 2014 மார்ச்சில் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அதற்கப்புறம் பிரியாணி சாப்பிட்டால் சாப்பிடட்டுமே!

புல்லட்டினில் பேச்சாளருக்கு அடுத்த கட்டம், குடும்பச் சுற்றுலா. இந்த முறை கொடிவேரி அணை. ஒரு வேன், இரண்டு கார். மனைவிமாருக்கு இங்கே 'ஆன்ஸ்' என்று பெயர். (பெண்களை உறுப்பினராக்குவதா என்று அமெரிக்காவில் கேஸ் நடந்து, 1987-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு, 1989-ல்தான் உலகம் முழுக்கக் கதவைத் திறந்தார்கள். எண்பத்து நாலு வருஷ யோசனை!) தம்போலா, அந்தாக்ஷரி, அணைத் தண்ணீர் தலையில் கொட்டுகிற குளியல், பொரித்த மீன். ரைஸ் மில் முதலாளியும் மருந்துக்கடைக்காரரும் ஒரே துண்டைப் பிழிந்து தலை துவட்டுகிறார்கள். வியாபாரத்தில் இருவரும் பேசி இரண்டு வருஷமாகிறது என்று நண்பர் காதில் சொன்னார்.

அந்த வேனிலிருந்து ஆறடிக்கு மேல் உயரமாக ஒரு பையன் குனிந்து இறங்கினான். ஜெர்மனி. பதினேழு வயது.

இதுதான் இளைஞர் பரிமாற்றம். பதினைந்திலிருந்து பத்தொன்பது வயதுக்குள் ஒரு பையனோ பெண்ணோ இன்னொரு நாட்டுக்குப் போய் ஏறக்குறைய ஒரு வருஷம் தங்கிப் பள்ளிக்கூடம் போக வேண்டும். டிக்கெட்டும் இன்ஷூரன்ஸும் பெற்றவர்கள் செலவு. சோறும் படுக்கையும் அங்கே உள்ள ஒரு குடும்பம். வாடகை, சம்பளம் எதுவும் கிடையாது. ஒரே வீட்டுக்குப் பாரமாக வேண்டாம் என்று இரண்டு மூன்று வீடு மாற்றுவார்கள். டிரைவிங், டிரிங்கிங், டேட்டிங், டிரக்ஸ் நாலும் கூடாது. இதில் இவனுக்கு வலித்தது முதலாவது. தெருவில் மீசை முளைக்காத பொடியன்கள் எல்லாம் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-லில் பறக்கிறார்கள். இவன் மட்டும் பின் ஸீட்டில், முழங்கால் இரண்டும் தரையில் இடிக்க!

நண்பர் வீட்டில் நாலு மாதம் இருந்தான். முதலில் கற்றுக்கொண்ட தமிழ் வார்த்தை 'போதும்'. அந்த வார்த்தைக்கு அந்த வீட்டில் மரியாதை இல்லை என்பது இரண்டாவதாகக் கற்றது. நண்பரின் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. அவன் பெயர் வாயில் நுழையவில்லை. "ராசா" என்று வைத்துவிட்டார். சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டல். கண் எரிச்சலில் அவன் கத்தினால், "பொறு கண்ணு, அவ்வளவுதான்" என்பார். இவர் தமிழ், அவன் ஜெர்மன். இருவருக்கும் தகராறே வரவில்லை!

அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் சனிக்கிழமை காலையில் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவான்.

கிளம்புகிற நாளில் நீலக் கோட்டு போட்டிருந்தான். துணியே தெரியாத அளவுக்கு அதில் பின்கள், பாட்ஜுகள். மற்ற தேசத்துப் பிள்ளைகளோடு மாற்றிக்கொண்டவை. அதில் ஓரிடத்தில் பெரியம்மா கொடுத்த பழநி முருகன் டாலர். நண்பரின் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அவன் உள்ளே போனான். "அம்மா, போய்ட்டு வரேன்ங்க" என்று 'ங்க' போட்டுச் சொன்னான். அப்புறம் அங்கே என்ன நடந்தது என்று எழுத மாட்டேன்.

இத்தனையும் சுலபமான பாதி ஸார்! நம் வீட்டுக்கு ஒருவன் வந்தால் கூட ஒரு தட்டு வைத்தால் போயிற்று. கஷ்டமான பாதி இந்த மாதம் வந்திருக்கிறது. நண்பரின் பையன் பத்தாவது முடிக்கப் போகிறான். இந்த வருஷம் ஜெர்மனிக்கு ஒரு இடம் இருக்கிறது, அனுப்புகிறீர்களா என்று சங்கத்தில் கேட்டுவிட்டார்கள்.

"நீங்க காமர்ஸ்தானுங்களே... லாப நஷ்டம் போட்டுச் சொல்லுங்க" என்று என்னை உட்கார்த்தி வைத்தார் நண்பர்.

போட்டேன். பற்று: ஒரு வருஷம். திரும்பி வந்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலேயே பிளஸ் ஒன்னில் சேர வேண்டும். கூடப் படித்தவர்கள் சீனியர் ஆகிவிடுவார்கள். நீட் கோச்சிங் தள்ளிப்போகும். டிக்கெட், இன்ஷூரன்ஸ், ஸ்வெட்டர். வரவு: ஒரு பாஷை. தன் துணியைத் தானே துவைப்பது. அப்புறம்... பேனா நின்றுவிட்டது. கணக்கில் குட்வில் என்று ஒன்று உண்டு. கண்ணால் பார்க்க முடியாத சொத்து. கடையை விற்கும்போதுதான் அதற்கு விலை தெரியும் என்று எங்கள் புரொபசர் சொல்வார். பதினைந்து வயதுப் பையனுக்கு அதை எந்தப் பக்கம் எழுத?

நண்பர் தன் கதையைச் சொன்னார். பிளஸ் டூ பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது அப்பா தவறிப்போய், அன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்தவர். தாண்டிப் போன எல்லை, சரக்கு எடுக்கப் போன சூரத். "எனக்கு ஒரு வருஷம் போனா கடையே போயிருக்குமுங்க. இவனுக்கு என்னங்க போகும்?"

காபி டம்ளரை வைத்துவிட்டு அவர் மனைவி சொன்னதுதான் என்னை மடக்கியது.

"அந்தத் தம்பிய அனுப்பினாங்களே அவங்கம்மா, அவங்க ஊர்ல பிளஸ் டூ மார்க்குக்காக இப்படிப் பைத்தியம் புடிச்சு அலையறாங்களாங்க? அவன் ஒரு வருஷம் சுத்தீட்டுப் போனாலும் அங்க எடம் கெடைக்கும். இங்க கெடைக்குமுங்களா? நான் பாசத்துல சொல்றேன்னு நெனைக்காதீங்க. கணக்கோடதான் சொல்றேன்."

நியாயம். ஜெர்மன்காரன் ஒரு வருஷத்தைக் கொடுத்தான். நம் பையன் வரிசையில் தன் இடத்தையே கொடுக்க வேண்டும். பல ஊர்களில் இந்த இடம் காலியாகவே போய், பிள்ளைகள் லீவில் நாலு வாரம் போய்வருகிற குட்டிப் பரிமாற்றத்தோடு நின்றுவிடுவது இதனால்தான். சங்கத்தைச் சொல்லிக் குற்றமில்லை. இருந்தாலும் என் ஓட்டு அனுப்புவதற்குத்தான். ஆனால் அந்த ஓட்டுக்கு என்ன மதிப்பு! என் பையன் இரண்டாம் வகுப்பு.

பெரியம்மா மட்டும் குழப்பமில்லாமல் இருக்கிறார். "ராசா ஊட்டுக்குத்தான போறான்? போகட்டும். அவங்கம்மாவுக்கு எண்ணெ தேய்க்கத் தெரியுமான்னு கேட்டுக்குங்க." அந்த வீட்டுக்கே அனுப்புவார்கள் என்று நிச்சயமில்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஃபாரத்தில் அப்பா கையெழுத்து ஆகிவிட்டது. அம்மா கையெழுத்துக் கட்டம் காலி. கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள். கிளம்பும்போது பையன் வாசல் வரை வந்து, உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்:

"அங்கிள், ஜெர்மன்ல தயிருக்கு என்னங்க?"