தட்டணு எண்ணிக்கை மட்டும் போதாது

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,



2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம் எங்கள் கடலோர ஊர்களுக்குப் பெரிய தெம்பு. கோவளத்திலோ தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ வலை இழுத்துக்கொண்டிருப்பவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் கிடைக்கின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8. பிறகுதான் 108 வண்டி, செங்கல்பட்டு, சென்னை எல்லாம். இந்த ஏற்பாட்டை மனமார வாழ்த்திவிட்டு, அதற்கு அடுத்த படியைப் பற்றிக் கேட்கிறேன்.

அப்படிப் போகிறவர்களில் சிலருக்கு ஸ்டென்ட் போதாது, பைபாஸ் தேவைப்படும். கரையில் உயிர் காத்த அதே மாத்திரை அறுவை அரங்கில் ரத்தக் கசிவுக்குக் காரணமாகிவிடலாம். ரத்தத்தை உறைய வைப்பது தட்டணு. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் பட்ட தட்டணு, தன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை முடங்கியே கிடக்கும். அதனால்தான் அவசரமில்லாதபோது குளோபிடோக்ரெலை நிறுத்தி 5 நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஆனால் எல்லா உடம்புக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது. இந்த மருந்து கல்லீரலில் மாறிய பிறகே வேலை செய்யும். பரம்பரையாகவே அந்த மாற்றம் மந்தமாக நடப்பவர்கள் நம் நாட்டில் நிறைய. ஒருவருக்கு இரண்டு மூன்று நாளில் தட்டணுக்கள் தேறிவிடும். இன்னொருவருக்கு 5 நாள் கழிந்தும் தேறாது. ரிப்போர்ட்டில் இருவருக்கும் தட்டணு எண்ணிக்கை ‘இரண்டரை லட்சம்’ என்றே இருக்கும்.

அந்த எண்ணை நம்பி நெஞ்சைத் திறந்தால், இதய நுரையீரல் இயந்திரம் மிச்சத் தட்டணுக்களையும் களைப்படைய வைக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலடியில் வடிகுழாய்ப் பாட்டில் இருக்கும். செவிலியர் மணிக்கொரு முறை குனிந்து, ரத்தம் ஏறிய அளவைப் பார்த்து எழுதுவார். ஏற்றம் குறையாவிட்டால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டிவரும். வெளியே உறவினர்கள் ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைவார்கள்.

தட்டணு வேலை செய்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை புதிதல்ல. 1962-லேயே பார்ன் என்ற விஞ்ஞானி அதற்கு வழி காட்டினார். கொஞ்சம் ரத்தத்தில் தட்டணுவைத் தூண்டும் பொருளைச் சேர்த்து, எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்று இயந்திரம் அளக்கும். ஆஸ்திரியாவில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், இத்தகைய பரிசோதனையின் முடிவை வைத்து அறுவைக்கு நாள் குறித்தபோது காத்திருப்பு ஏறக்குறைய பாதியானது. ரத்தக் கசிவு கூடவில்லை. தையல் விட்ட இடத்துக் கசிவை இது முன்கூட்டிச் சொல்லாது, உண்மைதான். யார் காத்திருக்க வேண்டும், யாருக்குத் தேவையில்லை என்பதைச் சொல்லும். மாரடைப்பு வந்தவருக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்துதான்.

எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிப் பயனில்லை. எனவே பைபாஸ் நடக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இந்த இயந்திரம் வேண்டும். அதற்கான வேதிப்பொருள் தீர்ந்து மூலையில் கிடக்காதபடி ஆண்டுதோறும் நிதியும் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பரிசோதனைக் கட்டணத்தையும் சேருங்கள்.

இன்னொன்றுக்குச் செலவே இல்லை. மாத்திரை கொடுத்த தேதி, மணி, அளவு மூன்றையும் பரிந்துரைச் சீட்டின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இயந்திரம் வர மாதங்கள் ஆகலாம். இதை இந்த வாரமே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
சதுரங்கப்பட்டினத்துவாசி