‘காணியை விடட்டும், பிறகு பாப்பம்’

எமது கமக்காரக் குடும்பங்களுக்கு ஆண்டு மூன்று முறை பிறக்கிறது. ஜனவரி முதலாம் திகதி நாட்காட்டி மாறுகிறது. இரு வாரங்களில் தைப்பொங்கல் வருகிறது. பின்னர் சித்திரையில் கைவிசேடமும் நல்லநேரம் பார்த்துப் போடும் முதல் மண்வெட்டியும். இவற்றில் எதை ஆண்டின் தொடக்கமாகக் கொண்டாலும், சொந்தத் தறையில் தோட்டம் செய்த காலத்தில் “இந்த ஆண்டு என்ன செய்வது?” என்று வீட்டில் கூடிப் பேசவேண்டிய தேவை பெரிதாக இருந்ததில்லை. எந்தத் தறையில் வெங்காயம், எதில் புகையிலை, எந்த மூலையை மரவள்ளிக்கு விடுவது, யாரிடம் எரு வாங்குவது என்பனவெல்லாம் போன ஆண்டின் தொடர்ச்சியாகவே நடந்து வந்தன. திட்டத்தின் பாதியைக் காணியே போட்டுத் தந்தது.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. அதனாலேயே அதற்குத் திட்டம் இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. ஆனால் நாம் காண்பது என்ன? முகாமிலும், உறவினர் வளவிலும், வாடகை வீட்டிலும் புத்தாண்டுப் பேச்சைத் தொடங்கினால் அது ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது: “முதலிலை காணியை விடட்டும், பிறகு பாப்பம்.”

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 ஆனி மாதத்திலே தமது செம்மண் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். அன்று பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு இன்று நாற்பத்தைந்து வயது கடந்துவிட்டது. 2015 முதல் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகமும் அதையொட்டிய காணியும் 2017 ஜூலையில் விடப்பட்டன. எனினும் எல்லாக் காணியும் விடப்படவில்லை. மன்னாரின் முள்ளிக்குளத்து மக்கள் 2007 இல் வெளியேறியவர்கள். கேப்பாப்பிலவு மக்கள் தமது காணிக்காக 2017 இல் வீதியோரத்தில் மாதக்கணக்காக அமர்ந்திருந்தார்கள். திரும்பிப் போவோம் என்ற நம்பிக்கையைக் கைவிடும்படி இவர்களுக்குச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை; அந்த நம்பிக்கை இல்லாதிருந்தால் விடப்பட்ட காணியும் விடப்பட்டிராது. நாம் இங்கு சொல்ல வருவது வேறு. காணி விடப்படும் நாள் எமது கையில் இல்லை. எமது கையில் இல்லாத ஒரு நாளை முதல் வரியாக வைத்து எழுதும் திட்டத்தில் இரண்டாவது வரி எழுதப்படுவதே இல்லை. முப்பத்தைந்து புத்தாண்டுகள் அப்படிப் போயிருக்கின்றன.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைப் பார்ப்போம். எவரையும் சுட்டிச் சொல்லவில்லை. பல குடும்பங்களிற் கண்டதைச் சேர்த்துச் சொல்கிறோம். தகப்பனார் ஆறு பரப்புக் குத்தகைக் காணியில் வெங்காயம் செய்கிறார். ஊரில் இருக்கும் காணி தாயின் சீதனம், அம்மம்மா எழுதிக்கொடுத்தது. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். மகன் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். இவர்களுடைய ஆண்டுத் திட்டம் எங்கே தொடங்க வேண்டும்?

கடனில் தொடங்க வேண்டும் என்பதே எமது கருத்து. கசப்பான இடந்தான். ஆனால் அடைவு வைத்த நகை எது, வட்டி எவ்வளவு, மீட்க வேண்டிய திகதி எது என்பது பல வீடுகளில் தாய்க்கு மட்டுமே தெரியும். பசளைக்கடையில் உள்ள கடன் தகப்பனாருக்கு மட்டுமே தெரியும். இரண்டும் ஒரு கொப்பியில் சந்திப்பதில்லை. கிழமைக்குக் கிழமை கட்டும் கடனைப் பற்றியும் இங்கு சொல்லியாக வேண்டும். சின்ன வெங்காயம் நட்டால் கிண்டுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் செல்லும். புகையிலைக்கு அதிலும் கூட. தோட்டம் இப்படிப் பணம் தரும்போது, ஏழு நாளுக்கொருமுறை தவணை கேட்கும் கடனை எதிலிருந்து கட்டுவது? இன்னொரு கடனிலிருந்துதான். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசு ஏற்றுக்கொள்ள வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கடன் வாங்காதீர்கள் என்று சொல்வது எளிது. விதை வெங்காயத்துக்குக் காசில்லாதவனிடம் அது எடுபடாது. ஆனால் விளைச்சலுக்குப் பின் கட்டும் கடனா, கிழமைக் கடனா என்று கையெழுத்து வைக்கும் முன் கேட்கலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து போய்க் கேட்க வேண்டும்.

அடுத்தது குத்தகைக் காணி. இங்கேதான் எமது மக்கள் பெரிதும் நட்டப்படுகிறார்கள். ஓராண்டுக்கு வாய்ப்பேச்சில் காணி எடுக்கிறோம். முதலாம் ஆண்டு கல்லைப் பொறுக்கி, குழை தாழ்த்து, மாட்டெரு போட்டு மண்ணைத் திருத்துகிறோம். இரண்டாம் ஆண்டு மண் கைக்கு வரும்போது உடையவர் “மகன் செய்யப் போறான்” என்று காணியை எடுத்துவிடுகிறார், அல்லது குத்தகையைக் கூட்டுகிறார். உடையவரைக் குறைசொல்லி என்ன பயன்? எழுத்தில்லாத குத்தகையில் எவரும் அப்படித்தான் நடப்பார்கள். அதை அறிந்து வைத்திருப்பதால் நாமும் எருவைக் குறைக்கிறோம், நிலத்தைப் பிழிகிறோம், இரு பக்கமும் நட்டம். இந்த ஆண்டு குத்தகைப் பணத்தைக் கையில் கொடுக்குமுன், மூன்று ஆண்டுக்குத் தாருங்கள், இரண்டு வரி எழுதிக் கையொப்பமிடுவோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கிணற்றில் எந்த நாள் எமது இறைப்பு முறை என்பதும் அதிலே இருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படுகிறோம். “அகதி” என்று முப்பது ஆண்டு அழைக்கப்பட்டதால் வந்த கூச்சம் அது.

என்ன பயிர் என்பதைத் தோட்டக்காரனுக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆயினும் அண்மைய இரண்டு அனுபவங்களை நினைவூட்டலாம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது போகம் போய்விட்டது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. மண்ணெண்ணெய் இயந்திரத்தால் இறைப்பவர்களுக்கு அந்த ஒரு நாளில் முழுக் கணக்கும் பிழைத்துப் போயிற்று. அக்காலத்தில் சற்றுத் தாக்குப்பிடித்தவர்கள் யார்? வீட்டில் இரண்டு மாடு வைத்திருந்தவர்கள், விதை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தவர்கள், ஆறு பரப்பிலும் ஒரே பயிரை வைக்காமல் ஒரு பரப்பில் மரவள்ளியும் கத்தரியும் வைத்திருந்தவர்கள். விலை நன்றாயிருக்கும் ஆண்டில் விதை வெங்காயத்தையும் விற்றுவிடும் ஆசை வரும். அதற்கு வீட்டில் ஒருவர் காவல் இருக்க வேண்டும். அம்மம்மா அதற்குப் பொருத்தமானவர்.

இனி ஊர்க்காணிக்கு வருவோம். “காணியை விடட்டும்” என்று சொல்லிக்கொண்டு சும்மா இருக்கும் காலம் உண்மையில் வேலை நிறைந்த காலம். 2025 மார்ச் 28 இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வட மாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு உரித்துடையவர்கள் மூன்று மாதங்களுக்குள் உரிமை கோர வேண்டும், தவறினால் அது அரச காணியாகும் என்றது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்து, பின்னர் அது மீளப்பெறப்பட்டது. ஆனால் அந்த மூன்று மாதமும் எமது வீடுகளில் பட்ட பதற்றத்தை எண்ணிப் பாருங்கள். உறுதி எங்கே என்று பெட்டி பெட்டியாகத் தேடினோம். சிலரிடம் நிழற்பிரதி மட்டுமே இருந்தது. சிலரது உறுதி 1995 இடப்பெயர்விலோ 2009 இலோ போய்விட்டது. சிலரது உறுதி பத்திரமாக இருந்தது, ஆனால் அதில் பெயருள்ளவர் இறந்து இருபது ஆண்டு. இறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. உரித்தாளர் ஏழு பேரில் மூவர் கனடாவில்.

எனவே இந்த ஆண்டுத் திட்டத்தில் காணிப் பத்திரத்துக்கு ஒரு மாதத்தை ஒதுக்க வேண்டும். தோட்ட வேலை குறைந்த ஒரு மாதமாகப் பார்த்துக்கொள்ளலாம். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி பெறலாம். உறுதியின் இலக்கமோ, எழுதிய நொத்தாரிசின் பெயரோ, ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதோ தெரிந்திருந்தால் தேடுவது இலகு. வன்னியில் அனுமதிப்பத்திரக் காணி பெற்றவர்கள், பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலுள்ள சகோதரரோடு பேசவேண்டியதை, கலியாண வீட்டுக்கு அவர் வரும்போது பார்ப்போம் என்று தள்ளாமல் இப்போதே பேச வேண்டும். நாம் சொல்லும் குடும்பத்தில் இந்த வேலை தாயினுடையது. காணி அவரின் சீதனம். அவர் பஸ் ஏறிப் பதிவகத்துக்குப் போகும் நாளில் தகப்பனார் சமைக்கலாம். தோட்டத்துக்கு அன்று மகன் தண்ணீர் கட்டட்டும்.

மூத்த மகளின் விடயம் இதனோடு பிணைந்தது. உள்ளே போகவே முடியாத காணியைச் சீதனமாக எழுதுவது எமது பகுதியில் இப்போது வழமையாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் உறுதியை வாங்கிப் பார்க்கிறார்கள். காணியை எவரும் பார்த்ததில்லை. அப்படி எழுதுவது தவறென்று சொல்லமாட்டோம். உரித்து அடுத்த தலைமுறைக்குப் போவதற்கு அதுவும் ஒரு வழி. ஆனால் அந்த ஒரு காணியை மூன்று பெண்பிள்ளைகளுக்கு வாயால் வாக்குக்கொடுத்துவிட்டு, விடப்படும் நாளில் சகோதரிகள் வேலிச் சண்டையில் நிற்கும்படி செய்துவிடக் கூடாது. விடப்பட்ட இடங்களில் அது நடந்திருக்கிறது.

விடப்பட்ட இடங்களிலிருந்து இன்னுமொரு பாடம். வீடு இடிந்திருந்தது, கிணறு தூர்ந்திருந்தது, வேலியும் எல்லையும் தெரியாமல் பற்றை மூடியிருந்தது. காணி கிடைத்த மகிழ்ச்சியில் குத்தகைக் காணியை உடனே விட்டுவிட்டு வந்தவர்கள், பற்றை வெட்டிக் கிணறு இறைத்துத் துப்புரவாக்கி முதற்பயிரைக் கிண்டுவதற்குள் கையிலிருந்ததையும் செலவழித்துவிட்டார்கள். காணி இந்த ஆண்டே விடப்படலாம். விடப்பட்டால் முதல் ஆண்டு அது செலவு வைக்கும் காணி. ஒரு போகமாவது இங்கும் ஒரு கால், அங்கும் ஒரு கால் என்றிருப்பதே புத்தி.

மகனைப் பற்றி. அவன் தோட்டம் வேண்டாம் என்கிறான் என்று தகப்பனாருக்குக் கோபம். “நான் ஊரைக் கண்டதே இல்லை, அப்பா” என்று அவன் சொல்வதில் குற்றம் காண முடியுமா? முகாமில் பிறந்த பிள்ளைக்கு ஊர் என்பது பெரியவர்கள் மாலையில் சொல்லும் கதை. காணிக்கு உரித்துடையவனாக இருப்பதற்கு அவன் தோட்டக்காரனாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. அவன் நீரியந்திரம் திருத்தப் பழகட்டும், கணக்குப் படிக்கட்டும். வெளிநாடு போகிறேன் என்றால், முகவருக்குக் கொடுக்கும் பணத்துக்காக எந்தக் காணியும் ஈடு வைக்கப்படாது என்பதை மட்டும் வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவனைத் திட்டத்தின் உள்ளே வைத்துப் பேசினால் ஏதாவது ஒரு வேலையைப் பொறுப்பெடுப்பான்.

அவனுக்கு நாம் ஒரு வேலை வைத்திருக்கிறோம். உறுதியில் எல்லைகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன? கிழக்கு இன்னாருடைய காணி, வடக்கு ஒழுங்கை, கிணற்றில் இத்தனை பங்கும் வழி வாய்க்காலும். அந்த இன்னார் செத்துப்போனார், ஒழுங்கை இருந்த இடம் தெரியாது. அதெல்லாம் இப்போது இருப்பது அம்மம்மாவின் நினைவில் மட்டுமே. கொப்பியோடு நான்கு பின்னேரம் அவன் அவரருகில் இருக்கட்டும். பனைகள் எத்தனை நின்றன, துலா எந்தப் பக்கம், மழைவெள்ளம் எந்த மூலையால் ஓடியது, அயலில் யார் யார் இருந்தார்கள், அவர்களின் பிள்ளைகள் இப்போது எங்கே என்று கேட்டு எழுதி, ஒரு படமும் கீறட்டும். அயலவர் ஒருவரிடம் அதைக் காட்டிச் சரிபார்ப்பது நல்லது; இரண்டு பேரின் நினைவு ஒத்துவராத இடங்களை அப்போதே பேசிக்கொள்ளலாம். பிறகு அதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைக்க வேண்டும்.