ராஜரத்தினம் பிள்ளையின் திமிர்

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பத்தி எங்க பக்கத்து டீக்கடையில பேச்சு வந்தா, முதல்ல வர்றது தோடி இல்லை. நேரத்துக்கு வரமாட்டார், குடிப்பார், கோபம் வந்தா எழுந்து போயிடுவார், கைக்கு வந்த காசைத் தங்க விடமாட்டார். இதெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "திமிர் புடிச்ச ஆளுப்பா" என்று முடிப்பாங்க.

அவர் 1956-லேயே போயிட்டார். நான் கேட்டதெல்லாம் ரிக்கார்டுதான். ஆனாலும் சொல்றேன், அந்தத் திமிர் இல்லேன்னா நாயனத்துக்கு இன்னிக்கு இருக்கிற மரியாதையும் இருந்திருக்காது.

அந்தக் காலத்தில் தஞ்சை ஜில்லாவில் மேளக்காரர் என்றால் சட்டை போடக்கூடாது, துண்டை இடுப்பில் கட்டணும், நின்னுக்கிட்டே வாசிக்கணும். சாமி புறப்பாடானாலும் மிராசுதார் வீட்டுக் கல்யாணமானாலும் அதுதான் வழக்கம். இவர் கிராப்பு வெட்டிக்கொண்டார், ஷெர்வாணி போட்டார், காரில் வந்து இறங்கினார். மேடை போடு, உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். பாட்டுக்காரருக்குக் கொடுக்கிற இடத்தை நாயனக்காரருக்கும் கொடு என்று கேட்டதுதான் ஊர்க் கண்ணுக்குத் திமிராகத் தெரிஞ்சுது.

வாத்தியத்தையும் அவர் விட்டு வைக்கலை. அதுவரைக்கும் புழக்கத்தில் இருந்தது திமிரி நாயனம். குட்டையானது, சுருதி தூக்கலா இருக்கும். நரசிங்கம்பேட்டை ரெங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளமான, சுருதி இறங்கின பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். திமிரி குறுவை மாதிரி, சட்டுனு வந்துடும். பாரி சம்பா மாதிரி, நின்னு விளையும். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்க அந்த நின்ன நாதம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

முதலில் வாய்ப்பாட்டு படிச்சவர் என்பதால், குழலிலும் பாடுகிற மாதிரியே வாசித்தார். ஒத்துக்குப் பதிலாக மேடையில் தம்பூராவை வைத்தார். கோயில் வாசல் சங்கீதத்தைச் சபா சங்கீதத்தோடு கலந்தார். 1940-ல் 'கவி காளமேகம்' படத்தில் கதாநாயகனாக நடித்தார். 1947-ல் சுதந்திரம் வந்தபோது டெல்லியில் வாசித்தார். ராக் பாட்டுக்காரங்க இஷ்டத்துக்கு உடுத்திக்கிட்டு, எல்லா சங்கீதத்தையும் கலக்கறாங்கன்னு இந்தக் காலத்துப் பிள்ளைங்க பெருமையாச் சொல்றாங்க. அதை நம்ம ஊர் மனுஷன் ஒருத்தர் அப்பவே செஞ்சுட்டார்.

சரி, அவர் விட்டுப்போனதை நாம என்ன செஞ்சோம்? நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது. சந்தோஷம்தான். ஆச்சா மரத்தைக் கடைஞ்சு நாயனம் செய்யறவங்க அங்கே இருக்காங்க. பக்கத்திலேயே திருவாவடுதுறையில் சீவாளி கட்டறவங்க இருக்காங்க. ஆனா மரத்துக்குக் குறியீடு வந்தா மட்டும் போதுமா? அதை ஊதுறவன் வீட்டில் உலை கொதிக்க வேணாமா?

இப்ப எங்க பக்கத்துக் கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளம், வரவேற்புக்கு டிஜே. செண்டை மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதுவும் உழைப்புதான். நாயனக்காரரை நடத்துற விதம்தான் உறுத்துது. பேரம் பேசிக் கடைசியா அவரைக் கூப்பிடுறாங்க. ஸ்பீக்கர் அலறுகிற மூலையில் உட்கார வைக்கிறாங்க. தாலி கட்டுற நேரம் மட்டும் "கெட்டிமேளம்" என்று கை காட்டுறாங்க. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கடைசிப் பந்தியில் இலை போடுறாங்க. உட்கார இடம் கிடைச்சுது, கேட்கத்தான் காது இல்லை.

பட்டணத்துல இருக்கிற நீங்க ராஜரத்தினம் பிள்ளை தோடியை போன்ல அனுப்பிக்கிறீங்க. நல்லதுதான். அதோட இன்னொண்ணும் செய்யுங்க. உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு இந்தப் பக்கத்துக் குழுவைக் கூப்பிடுங்க. சம்பளத்தைப் பேரம் பேசாம கொடுங்க. முகூர்த்தத்துக்கு முன்னாடி அரை மணி நேரம் ஸ்பீக்கரை நிறுத்திட்டு, ஒரு ராகம் முழுசா வாசிக்க விடுங்க. முதல் பந்தியிலேயே இலை போடுங்க.

அவர், "அரை மணி போதாது, ஒரு மணி நேரம் வாசிப்பேன்" என்று சொன்னால், திமிர் என்று நினைக்காதீங்க. அது ராஜரத்தினம் பிள்ளை விட்டுப்போன சொத்து.