மின்வெட்டு: நம் வீடும் மஹல்லாவும் தயாரா?

முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர், லோயர்கேம்ப் நீர்மின் நிலையத்தில் மின்சாரமாகிறது. அதன் முழுத்திறன் 168 மெகாவாட். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. இருந்தும் காற்று பலமாக வீசும் நாளில் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் தெருக்கள் இருண்டு போகின்றன. "நம்ம ஊர்ல எடுக்குற கரண்ட் நமக்கே இல்லையா?" என்று மக்கள் கேட்பது நியாயமே.

விடை இதுதான்: இங்கே உற்பத்தியாகும் மின்சாரம் நேராக நம் தெருவுக்கு வருவதில்லை. அது மாநிலத் தொகுப்பில் சேர்ந்து, துணை மின் நிலையம், பீடர், டிரான்ஸ்பார்மர் என்று இறங்கித்தான் வீட்டுக்கு வருகிறது. கடைசி ஒரு கிலோமீட்டரில் தென்னை மட்டை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும், லோயர்கேம்ப் முழுத்திறனில் ஓடினாலும் நமக்கு விளக்கு எரியாது.

2008 முதல் சில ஆண்டுகள் நாம் பட்ட அவதி வேறு வகை. அன்று உற்பத்தியே போதவில்லை. 2012ல் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட்டைத் தொட்டது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பாதி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. ஆனால் 2024 மே மாதம் மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியபோதும் அந்த நிலை திரும்பவில்லை. இன்றைய வெட்டுகளில் பெரும்பாலானவை கம்பி, மரக்கிளை, பளு தாங்காத டிரான்ஸ்பார்மர், பராமரிப்புப் பணி ஆகியவற்றால் வருபவை. 2021 ஜூனில் அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, கம்பிகளில் அணில் ஓடுவதாலும் மின்தடை ஏற்படுகிறது என்றபோது ஊரே சிரித்தது. கம்பியை உரசும் கிளைகளை வெட்டாமல் விட்டார்கள் என்ற முக்கியமான செய்தி அந்தச் சிரிப்பில் அடிபட்டுப் போனது.

பற்றாக்குறைக் காலத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று ஓரளவு தெரியும். கம்பி அறுந்தால் எதுவும் தெரியாது. ஆகவே நம் தயாரிப்பும் மாற வேண்டும்.

முதலில் தண்ணீர். 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபோது டெல்டா மாவட்டங்களில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. விளக்கைவிட அதிகம் வாட்டியது மோட்டார் ஓடாமல் தொட்டி வறண்டதுதான். வாடகை ஜெனரேட்டர் வைத்துத் தண்ணீர் ஏற்றினார்கள். காற்றும் மழையும் வலுக்கும் அறிகுறி தெரிந்தவுடன் மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். குடிநீரைத் தனியே பிடித்து வையுங்கள்.

அடுத்தது மருந்து. பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின், பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குட்பட்ட வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் கெடாது. திறக்காத மருந்துக்குத்தான் குளிர் அவசியம். ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். ஆக்சிஜன் கருவியோ நெபுலைசரோ வேண்டியவர்கள் வீட்டில் இருந்தால் மாற்று ஏற்பாட்டை மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

இன்வெர்ட்டர் வாங்குமுன் கணக்குப் பாருங்கள். 150 ஆம்பியர் பேட்டரியில் நடைமுறையில் 1,000 வாட்மணிக்குச் சற்று மேல் எடுக்கலாம். இரண்டு பழைய மின்விசிறி, மூன்று எல்.இ.டி. பல்பு என்றால் ஏறக்குறைய ஆறு மணி நேரம். மின்விசிறிகளை பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால் அதே பேட்டரி இரவு முழுவதும் தாங்கும். இன்னொரு பேட்டரி வாங்குவதைவிட இது பெரும்பாலும் மலிவு.

பாதுகாப்பிலும் கவனம் வேண்டும். மெழுகுவர்த்தியை எரியவிட்டுத் தூங்காதீர்கள். உறங்குமுன் விளக்கை அணைப்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுங்கு. ஜெனரேட்டரை வீட்டுக்குள் இயக்கினால் அதன் புகையே உயிரைக் குடிக்கும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் அதை வீட்டு வயரிங்கில் கொடுத்தால், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிர் போகலாம். அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே யாரையும் விடாமல், உடனே 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் வாங்க வசதியில்லாத வீடுகள் ஒவ்வொரு மஹல்லாவிலும் உண்டு. தனியாக வாழும் முதியவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள் எவை என்று ஜமாஅத்திடம் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். தொழுகை நேரத்துக்காகப் பள்ளிவாசலில் வைத்திருக்கும் ஜெனரேட்டர், அதே நேரத்தில் பத்து வீட்டுக் கைபேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றித் தரலாம். அக்கம்பக்கத்தாருக்கு, அவர்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், குடிநீர் ஏற்றித் தரலாம். கம்பியை உரசும் கிளைகளைப் பட்டியலிட்டு, மழைக்கு முன்பே மின்வாரிய அலுவலகத்தில் ஜமாஅத் பெயரில் எழுத்தில் மனு கொடுக்கலாம். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகள் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினாலே இந்த வேலை தொடங்கிவிடும், இன்ஷா அல்லாஹ்.